டாக்டர் கேட்பது பிள்ளையிடம்: ஆஸ்துமா உள்ள பதின்ம வயதினரைப் பற்றிய கேள்வி–பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆஸ்துமா மருந்துகளைப் பற்றிப் பேசி முடித்தபின், பெற்றோரும் பிள்ளைகளும் துண்டுத் தாள்களில் எழுதிக் கொடுத்த கேள்விகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மருந்தைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவை டாக்டரின் அறைக்குள் யார் பேசுவது என்பதைப் பற்றியே இருந்தன. ஒரு மருந்தாளுநராக எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, படிவம் 2-இல் படிக்கிறான். கிளினிக்கில் டாக்டர் எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான்தான் பதில் சொல்கிறேன். போன தடவை டாக்டர், “அம்மா, அவன் சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. நான் பேசியது தவறா?

தவறு என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைப் பருவத்தில் அவனுக்கு இழுப்பு வந்தபோதெல்லாம் பக்கத்தில் விழித்திருந்தவர் நீங்கள் என்பதால், அவனுடைய மூச்சைப் பற்றிப் பேசும் வழக்கம் உங்களிடமே தங்கிவிட்டது. ஆனால் 14 வயதுப் பையனின் நாளில் நீங்கள் பார்க்காத பகுதி மிகப் பெரியது. உடற்கல்விப் பாடத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டானா, பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது நெஞ்சு இறுகியதா, இரவில் நீங்கள் தூங்கியபின் இருமினானா, மாலை மருந்தை எடுத்தானா, எடுத்ததாகச் சொன்னானா என்பவை அவனுக்கு மட்டுமே தெரியும். டாக்டர் கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான்: கடந்த 4 வாரங்களில் பகலில் வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் தொந்தரவு இருந்ததா, இரவில் இருமலோ இழுப்போ எழுப்பியதா, மூச்சு முட்டும்போது உடனே எடுக்கும் நிவாரண மருந்து வாரத்துக்கு 2 தடவைக்கு மேல் தேவைப்பட்டதா, ஓட்டத்தையோ விளையாட்டையோ நிறுத்த வேண்டியிருந்ததா. இந்த நான்குக்கும் நீங்கள், “நல்லாத்தான் இருக்கான் டாக்டர்” என்று அன்பினால் சொல்லும் ஒரு பதில், மருந்தைக் கூட்ட வேண்டிய நேரத்தில் அப்படியே விட்டுவிடவோ குறைத்துவிடவோ காரணமாகிவிடும்.

என் முகப்பிடத்தில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். “காலையும் மாலையும் தவறாமல் எடுக்கிறான்” என்று தாயார் சொல்வார். இன்ஹேலரின் முதுகில், மீதமுள்ள அழுத்துகளைக் காட்டும் எண்காட்டி வேறு கணக்குச் சொல்லும். பையன் என் முகத்தையும் எண்காட்டியையும் மாறி மாறிப் பார்ப்பான். அந்த நேரத்தில் அவனைக் கண்டித்தால் அடுத்த சந்திப்பில் இன்னும் ஊமையாகிவிடுவான் என்பதால், “எந்த நேரத்து மருந்து மறந்துபோகிறது?” என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் உண்மையான பதில் வந்துவிடும்.

வீட்டில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இதே பையன்தான் பாட்டியின் இனிப்புநீர்ச் சோதனைக்குத் துணையாகப் போய், டாக்டர் மலாயில் சொல்வதைத் தமிழிலும் பாட்டி தமிழில் சொல்வதை மலாயிலும் மாற்றிச் சொல்கிறான் என்றால், அவனுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. தன்னைப் பற்றிப் பேச யாரும் அவனுக்கு இடம் விட்டதில்லை, அவ்வளவுதான். அடுத்த சந்திப்புக்கு முதல் நாள் இரவு, டாக்டரிடம் கேட்க விரும்பும் இரண்டு கேள்விகளை அவனே கைப்பேசியில் எழுதிவைக்கட்டும். அதை நீங்கள் திருத்த வேண்டாம். அறைக்குள் டாக்டருக்கு அருகிலுள்ள நாற்காலியில் அவன் உட்காரட்டும், நீங்கள் சற்றுப் பின்னால் இருங்கள். டாக்டர் கேட்டவுடன் வரும் மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் முடித்தபின், விட்டுப்போனதை நீங்கள் சேர்க்கலாம்.

இது என் சொந்த யோசனை மட்டும் அன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஆஸ்துமா உள்ள 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு சிறு காணொளியும் கேள்விகள் அச்சிட்ட ஒரு தாளும் கொடுத்தார்கள். தாங்கள் கேட்க நினைத்தவற்றைக் குறித்துக்கொண்டு உள்ளே போன அந்தப் பிள்ளைகள், மருந்தைப் பற்றியும் தூண்டுபொருள்களைப் பற்றியும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். ஒரு தாளும் சில நிமிடங்களும் போதுமாயிருந்தன என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இன்னொன்று, வருத்தப்படாமல் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை போடும் சாம்பிராணி, படுக்கையறையில் எரியும் கொசுவத்திச் சுருள், வாசலில் அப்பா பிடிக்கும் சிகரெட் ஆகியவற்றைத் தாயார்கள் டாக்டரிடம் சொல்வது அரிது. அவை வீட்டின் வழக்கமாகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை. பிள்ளை பேசினால் இவையும் வெளியே வரும். வரட்டும்.

கேள்வி: எனக்கு 15 வயது. டாக்டர் மலாயில் வேகமாகப் பேசுகிறார். பள்ளியில் எனக்கு மலாய் பிரச்சினை இல்லை, ஆனால் மூச்சு எப்படி இருக்கிறது என்று சொல்ல மட்டும் வார்த்தை வருவதில்லை. “ஓகே” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

தம்பி, பள்ளிப் புத்தகத்தில் நோய்க்கான மலாய்ச் சொற்கள் அதிகம் வருவதில்லை. அது உங்கள் குறை அன்று. நாலைந்து சொற்கள் கையில் இருந்தால் போதும். மூச்சு வாங்குவதற்கு ‘செம்புட்’ என்றும், ஆஸ்துமாவுக்குப் பேச்சு வழக்கில் ‘லெலா’ என்றும், நெஞ்சு இறுக்கத்துக்கு ‘டாடா கெத்தாட்’ என்றும், இரவு இருமலுக்கு ‘பாத்துக் மாலாம்’ என்றும் சொன்னால் டாக்டருக்குப் புரியும். தமிழ் தெரிந்த மிஸ்ஸி (தாதி) இருந்தால், “நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி” என்று சொன்னாலும் சரிதான்.

சொல்லைவிட எண் முக்கியம். “சில நேரம் வருகிறது” என்பதை வைத்து டாக்டரால் எதையும் முடிவு செய்ய இயலாது. “போன வாரம் 3 இரவு எழுந்தேன், நீல பம்ப்பை (நிவாரண மருந்தை) 5 தடவை எடுத்தேன்” என்றால் அவருக்கு வழி தெரியும். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 கேள்விகள் கொண்ட ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை ஒன்று உண்டு. மொத்தம் 25 புள்ளிகள். 20-உம் அதற்கு மேலும் எடுத்தால் கட்டுப்பாடு நன்று. 19-உம் அதற்குக் கீழும் என்றால் எங்கோ சரியில்லை. இது பள்ளித் தேர்வு போன்றது அன்று. கூட்டிப் போட்டு எழுதினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

புரியாவிட்டால், “சாயா தாக் ஃபாஹாம், போலே உலாங்?” என்று கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்பட்ட டாக்டரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். வெளியே வருமுன், “நான் பம்ப் எடுப்பது சரியா என்று பாருங்கள்” என்று டாக்டரிடமோ மருந்தகத்திலோ செய்து காட்டுங்கள். குலுக்காமல் அழுத்துவது, ஒரே மூச்சில் இரண்டு அழுத்து அழுத்துவது, உறிஞ்சியவுடன் மூச்சை விட்டுவிடுவது ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாக மருந்து எடுப்பவர்களிடமும் நான் காணும் தவறுகள்.

கேள்வி: மகளுக்குத் தினமும் எடுக்க ஸ்டீராய்டு பம்ப் கொடுத்திருக்கிறார்கள். உயரம் நின்றுவிடும், பழகிப்போய்விடும் என்கிறார்கள். இழுப்பு இல்லாத மாதங்களில் அவளே நிறுத்திவிடுகிறாள், நாங்களும் விட்டுவிடுகிறோம்.

இழுப்பு இல்லாத மாதங்கள் அந்த மருந்தால் வந்தவை. நீல பம்ப்பில் உள்ள சால்பியூட்டமால், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். உள்ளே உள்ள வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது தினசரி மருந்து. 200 அழுத்துகள் கொண்ட நீல பம்ப்பை ஓராண்டில் 3 அல்லது அதற்கு மேல் தீர்ப்பவர்களுக்குக் கடுமையான தாக்குதல் வரும் ஆபத்துக் கூடுகிறது. இந்தக் காரணத்தால்தான் 12 வயதுக்கு மேற்பட்டவர்களை நீல பம்ப்பை மட்டும் நம்பி விடக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ‘ஜீனா’ 2019 முதல் சொல்லி வருகிறது. நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், மகள் மருந்தின் பெயரையும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

உயரத்தைப் பற்றிய அச்சம் முழுக்கக் கற்பனை அன்று. மறைக்காமல் சொல்வதே நல்லது. குழந்தைப் பருவத்தில் பியூடசோனைடு என்ற உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்களை வளரும் வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. வளர்ந்தபின் அவர்களின் உயரம், அதை எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. கட்டுப்பாடில்லாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதையும், உறிஞ்சும் மருந்து போதைப் பழக்கத்தை உண்டாக்காது என்பதையும் சேர்த்து எடை போடுங்கள். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும்.

ஆனால் இந்தக் கேள்வியை நீங்கள் என்னிடம் எழுதியதைவிட, உங்கள் மகள் டாக்டரிடம் கேட்பதே பலனுள்ளது. “எனக்கு உயரம் குறையுமா, குறைந்த அளவில் எடுக்க முடியுமா, எப்போது குறைக்கலாம்?” என்று அவளே கேட்டு அவளே பதிலைப் பெற்றால், மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவு அவளுடைய அலமாரிக்குள் ரகசியமாக நடக்காது.

கேள்வி: எனக்கு 16 வயது. மாதவிடாய் வருவதற்குச் சில நாள் முன்பு மூச்சு மோசமாகிறது. கிளினிக்குக்கு அப்பாதான் மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போவார். அவர் முன்னால் எப்படிச் சொல்வது?

நீங்கள் கவனித்தது உண்மையானது. சில பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் ஆஸ்துமா கூடுவது மருத்துவம் அறிந்ததே. சிறு வயதில் ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும் ஆஸ்துமா, பருவமடைந்தபின் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இரண்டு மூன்று மாதங்களுக்குத் தேதிகளைக் குறித்து, மூச்சுத் தொந்தரவு வந்த நாள்களையும் பக்கத்தில் எழுதி, அந்தத் தாளை அப்படியே டாக்டரிடம் நீட்டுங்கள். வாயால் சொல்ல வேண்டியதில்லை. பதிவு செய்யும்போதே, “டாக்டரிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்” என்று மிஸ்ஸியிடம் சொல்லிவைக்கலாம். பதின்ம வயதினரைச் சில நிமிடங்கள் தனியாகப் பார்ப்பது டாக்டர்களுக்குப் புதிதன்று. அப்பாக்களுக்கும் ஒரு சொல்: டாக்டர் வெளியே காத்திருக்கச் சொன்னால், பிள்ளை எதையோ மறைக்கிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். 16 வயது மகனைத் தனியாக அனுப்பலாமா?

பேச அவனால் முடியும். ஆனால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் சட்டப்படி வயது வராதவர் என்பதால், சிகிச்சைக்குச் சம்மதம் தருவது பெற்றோரின் பொறுப்பு. வழக்கமான தொடர் சந்திப்பை உங்கள் கிளினிக் எப்படி நடத்துகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். அக்காவோ சித்தப்பாவோ கூடப் போகலாம். டாக்டர் அழைத்தால் எடுக்கும்படி கைப்பேசியை அருகில் வைத்திருங்கள். அவசரத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. நிவாரண மருந்து எடுத்தும் அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, யாருக்கும் காத்திராமல் 999-ஐ அழைக்க அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு 13 வயது. மருந்தை அவன் கையில் கொடுப்பதா, நானே வைத்துக்கொள்வதா?

நிவாரண பம்ப் எப்போதும் அவன் பையில் இருக்க வேண்டும், பாட்டி. தினசரி மருந்தைப் பல் துலக்கும் இடத்தில் வைத்து, அவன் கையால் அவன் எடுக்க, நீங்கள் பார்த்திருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் பள்ளிக் குறுக்கோட்ட அணியில் இருக்கிறேன். ஓடும்போது இழுப்பு வருவதைச் சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று மறைக்கிறேன். நண்பர்களோடு வேப்பும் (மின்சிகரெட்) இழுத்திருக்கிறேன். டாக்டர் கேட்டால் இல்லை என்றுதான் சொன்னேன்.

இந்தத் தாளில் பெயர் இல்லாவிட்டாலும், எழுதியதற்கு நன்றி. ஓட்டத்தின்போது அடிக்கடி இழுப்பு வந்தால், ஆஸ்துமா போதிய கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். ஓடக்கூடாது என்று பொருள் இல்லை. அதை டாக்டரிடம் சொன்னால், தினசரி மருந்தைச் சரிசெய்வது, ஓடுமுன் படிப்படியாக உடலைச் சூடேற்றுவது, தேவையானால் ஓட்டத்துக்கு முன் மருந்து எடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. உறிஞ்சும் சால்பியூட்டமாலை உலகப் போட்டிகளிலேயே குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படியும் டாக்டரிடம் கேளுங்கள். ஆசிரியரிடம் நீங்கள் வாதாடுவதைவிட அது எளிது.

வேப் விஷயத்தில், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதை விற்பது 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தைக் காட்டி டாக்டர் உங்களைப் பிடித்துக் கொடுக்கப் போவதில்லை. அந்த ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும் என்பதால்தான் அவர் கேட்கிறார். நீங்கள் இல்லை என்று சொன்னால், மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் அவர் அளவைக் கூட்ட நேரிடலாம். அம்மா பக்கத்தில் இருப்பதால் சொல்லவில்லை என்றால், மேலே அந்தத் தங்கைக்குச் சொன்ன வழி உங்களுக்கும் பொருந்தும். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று கருதும் நிலையில் மட்டும் டாக்டர் பெற்றோரிடம் பேச வேண்டி வரலாம். எதை வெளியே சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்று பேசத் தொடங்கும் முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சந்திப்புக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

வீட்டில் இருக்கும் எல்லா பம்ப்புகளும், தீர்ந்தவை உட்பட, ஸ்பேசர் (பம்ப்போடு மாட்டி மருந்தை உறிஞ்சும் குழாய்), கேள்வி எழுதிய கைப்பேசி அல்லது தாள், மூச்சை ஊதி அளக்கும் உச்ச மூச்சு வேகமானி இருந்தால் அதன் பதிவுகள். புகைமூட்டக் காலத்தில், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டிய நாள்களில் மூச்சு எப்படி இருந்தது என்ற குறிப்பும் உதவும். ஸ்பேசரை மாதம் ஒரு முறை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மருந்து ஒட்டிக்கொள்ளும். பையை அவனோ அவளோ தூக்கட்டும்.