பதில்: ராக்கெட்டை ஏவிய 2 நொடியில் ஜிபிஎஸ் இருப்பிடத் தகவல் அறுந்து, பாராசூட் விரிந்த பிறகே திரும்புகிறது (நியோ-எம்8என் ஜிபிஎஸ் மாட்யூல்)

உங்கள் ராக்கெட்டில் உள்ள ஜிபிஎஸ் மாட்யூல் பழுதா என்ற கேள்விக்கு: பழுதில்லை என்றே நினைக்கிறேன். இது ஆலையிலிருந்து 'போர்ட்டபிள்' இயக்க மாதிரியில் (கருவி எப்படி நகரும் என்று மாட்யூல் எதிர்பார்க்கும் அமைப்பு) வரும். அதில் செங்குத்து வேக வரம்பு வெறும் 50 மீ/நொடி. உங்கள் ராக்கெட் அதை முதல் நொடியிலேயே தாண்டிவிடும்.

மாட்யூலின் அமைப்பை மாற்றும் யுபிஎக்ஸ்-சிஎஃப்ஜி-நாவ்5 கட்டளையில் மாதிரி எண்ணை 8 ஆக்குங்கள் (ஏர்போர்ன், அதாவது வானில் பறப்பவற்றுக்கானது, 4 ஜி-க்குள்; ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). உயர வரம்பு 50 கி.மீ. ஆகும். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுத்ததும் ராக்கெட்டில் உள்ள மைக்ரோகன்ட்ரோலரே (சிறு கட்டுப்பாட்டுக் கணினிச் சில்லு) இதை அனுப்பட்டும். பிறகு மதிப்பைத் திரும்பக் கேட்டு 8 தானா என்று பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இதற்குப் பிறகும் மோட்டார் எரியும்வரை இடைவெளி வரலாம். 10 ஜி முடுக்கத்தில் மாட்யூலின் படிக அலையியற்றியின் (நேரத்தைக் கணிக்கும் பாகம்) அதிர்வெண் நழுவலாம், செயற்கைக்கோள் சிக்னல் மீதான பிடி விடுபடலாம். அதை அமைப்புகளை மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஆகவே ராக்கெட் எட்டும் உச்சியைக் கண்டறிந்து பாராசூட்டை விரிக்கும் வேலையை ஜிபிஎஸ்ஸிடம் தயவுசெய்து ஒப்படைக்காதீர்கள், காற்றழுத்தமானி செய்யட்டும்.

மூக்குக்கூம்பு கார்பன் ஃபைபர் என்றால் கண்ணாடியிழைக்கு மாற்றுங்கள், கார்பன் சிக்னலை மறைக்கும். ஏவுமேடையில் குறைந்தது 8 செயற்கைக்கோள்கள் கிடைக்கும்வரை பற்றவைக்க வேண்டாம்.