ஃபார்மலினில் ஊறிய மூளைத் திசுவை வெட்டலாமா?

திசுநோயியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சிஜேடி (மூளையைச் சிதைத்து உயிரைப் பறிக்கும் க்ரொய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேகப் நோய்) சந்தேகம் என்று குறித்து மூளைத் திசு வந்திருக்கிறது. இரண்டு வாரம் ஃபார்மலினில் ஊறியதுதானே, எந்தக் கிருமியும் மிஞ்சியிருக்காது, பயப்படாமல் வெட்டு என்கிறார் சீனியர். வெட்டலாமா?"

இப்போதே மைக்ரோடோமில் (திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவி) ஏற்றாதீர்கள். மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் சீனியர் சொல்வது சரி. ஆனால் சிஜேடியை உண்டாக்கும் பிரியான் வெறும் புரதம், அதுவும் தப்பாக மடிந்த புரதம். அழிப்பதற்கு அதில் மரபுப்பொருள் எதுவும் இல்லை. ஃபார்மலினோ புரதங்களைப் பிணைத்து இறுக்கிவிடும், அதனால் பிரியான் சாவதற்குப் பதில் இன்னும் கெட்டிப்படுகிறது. 1930களில் ஸ்காட்லாந்தில் செம்மறியாட்டின் மூளையிலிருந்து எடுத்து ஃபார்மலினில் பதப்படுத்திய ஒரு தடுப்பூசியைப் போட்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளுக்கு ஸ்க்ரேப்பி என்ற பிரியான் நோய் வந்தது, அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

செய்ய வேண்டியது கடினமில்லை. 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் போகாத துண்டுகளை அடர் ஃபார்மிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் புது ஃபார்மலினில் 48 மணி நேரமாவது வைத்தால் தொற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். அடியோடு போய்விட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். பிளேடு ஒருமுறைக்கு மட்டும். கருவிகளைக் காயவிடாதீர்கள், காய்ந்தால் பிரியான் எஃகில் ஒட்டிக்கொள்ளும்; ஈரமாகவே வைத்து 1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் போடுங்கள். ப்ளீச்சும் வேலை செய்யும், எஃகை அரிக்கும். ப்ளீச்சை ஃபார்மிக் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

என்னை எப்போதும் உறுத்துவது பிரான்சில் நடந்ததுதான். 2010இல், பிரியான் தொற்றிய எலி மூளையின் உறைந்த சீவல்களைக் கையாண்ட 24 வயதுப் பெண்ணின் கட்டைவிரலில் இடுக்கி முனை குத்தியது. இரண்டு ஜோடிக் கையுறை போட்டிருந்தும் ரத்தம் வந்தது. ஏழரை ஆண்டு கழித்து நோய் தோள்வலியாகத் தொடங்கியது, 2019இல் அவர் இறந்துபோனார். இரட்டைக் கையுறை கூர்முனையைத் தடுக்காது. வெட்டு தாங்கும் கையுறையைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும்வரை அந்தத் திசுவைத் தொட வேண்டாம்.

ஒருவேளை குத்திவிட்டால் காயத்தைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அன்றைக்கே எழுத்தில் பதிவு செய்து ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு கழித்து உங்களைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.