ஓய்வு பெற்றவன் நான். பெங்களூரில் என் பகுதி இளைஞர்களின் சிறு தொழிலுக்கு வழிகாட்ட ஆசை. என்ன செய்யலாம், நிஜமாகவே பலன் இருக்குமா?

இருக்கும். எனக்குத் தெரிந்தது பீன்யா தொழிற்பேட்டை மட்டும்தான் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

நானும் ஒரு டூல் ரூமில் (அச்சு, கருவிகள் செய்யும் பட்டறை) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு தாசரஹள்ளியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாலஹள்ளி கிராஸ் பக்கம் ஒரு டீக்கடையில் நானும் இன்னும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்திருப்போம். யாராவது பில் புத்தகத்தோடு வருவார்கள். எங்களுக்குப் பேர் கிடையாது, பேனர் கிடையாது. அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டம் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். ஆனால் வாரத்தில் ஆறு நாள் மெஷின் ஓட்டுகிற பையன் ஏழாம் நாள் பஸ் பிடித்து அங்கே பேச்சுக் கேட்க வரமாட்டான்.

வருகிறவர்கள் பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பா கட்டட வேலைக்கோ ஹெல்பராகவோ வந்திருப்பார். பையன் இங்கேயே பிறந்து, கன்னட மீடியத்தில் படித்து, ஐடிஐ முடித்து, சில வருடம் சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைக் கடையும் மெஷின்) ஓட்டி, மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் செட்டராகி, அப்புறம் கடன் வாங்கி ஒரு மெஷினை வாடகை ஷெட்டில் இறக்கியிருப்பான். வாயில் தமிழ், நோட்டில் கன்னடம், பில்லில் இங்கிலீஷ். வேலை அவனுக்கு அத்துப்படி. அதில் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. விலை சொல்லும் இடத்தில்தான் தடுமாறுவான்.

ஒரு பையன் கொண்டுவந்த கணக்கு இது. ஒரு புஷ் (குழாய்த் துண்டு மாதிரி ஒரு உலோகப் பாகம்), சைக்கிள் டைம், அதாவது மெஷின் ஒரு பீஸைக் கடையும் நேரம், 4 நிமிடம், ஆக மணிக்கு 15 பீஸ். மெஷினுக்கு மணிக்கு 300 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, பீஸுக்கு 20 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டான். ஆர்டரும் உடனே வந்துவிட்டது. (உடனே வந்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.) "ஓயாமத்தான் ஓடுது அண்ணா, மாசக் கடைசில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றான். ஷெட்டுக்குப் போய் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து பீஸ் எண்ணினேன். பீஸை மாட்டுவது, கழற்றுவது, அஞ்சாறு பீஸுக்கு ஒரு தடவை அளந்து பார்ப்பது, இன்செர்ட் (வெட்டும் முனை) மழுங்கினால் மாற்றி, அளவு சரியாக வர ஆஃப்செட் கொடுப்பது, சிப்ஸ் வாருவது, நடுவில் கரண்ட் போவது எல்லாம் போக மணிக்கு 11 பீஸ்தான் வந்தது. 300ஐ 11ஆல் வகுத்தால் 27 ரூபாய்ச் சொச்சம். இதில் ரிஜெக்ஷன் இன்னும் சேரவில்லை. அளவு தப்பிய பீஸுக்கு கஸ்டமர் டெபிட் நோட் (பில்லில் பிடித்தம் செய்யும் சீட்டு) போட்டால் கூலியோடு போகாது, மெட்டீரியல் விலையும் சேர்ந்துதான் பிடிப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எட்டு மணி நேரம் ஸ்டூலில் உட்காரப் பொழுது வேண்டும். அது நம்மிடம்தான் இருக்கிறது.

அடுத்த தலைவலி வசூல். 20 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 43,500 ரூபாய். அது தேதி தவறாமல் போகும். கஸ்டமர் பணம் 90 நாள் கழித்து வரும். மாதா மாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவன் பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதாவது கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பான்.

சட்டம் அவன் பக்கம்தான். 2006ஆம் வருடத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017இல் சமாதான் என்ற இணையதளமும் வந்தது. இதையெல்லாம் சொன்னால் சிரிக்கிறார்கள். "புகார் குடுத்தா வட்டி வரும் அண்ணா, அடுத்த ஆர்டர் வருமா?" நியாயமான கேள்வி. பீன்யாவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

அதனால் நாங்கள் சொல்லும் வழி வேறு. 2023ஆம் வருட நிதிச் சட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம் அந்தக் கெடுவையும் தாண்டி மார்ச் 31 வரை பாக்கி நின்றால், வாங்கியவர் அதை அந்த வருடச் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடியாது. பணம் கொடுக்கும் வருடத்தில்தான் காட்ட முடியும். ஆகவே உத்யம் எண்ணை (குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்த எண்) பில்லில் அச்சடித்துக்கொள், ஜனவரியிலேயே கஸ்டமரின் அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு உத்யம் சான்றிதழோடு பாக்கிப் பட்டியலை மெயில் அனுப்பு என்கிறோம். சண்டையும் இல்லை, புகாரும் இல்லை. தங்கள் ஆடிட்டர் கேட்பார் என்று அவர்களுக்கே தெரியும். எல்லாரும் உடனே பணம் கொடுத்துவிடுவதில்லைதான், ஆனால் போன் எடுக்கிறார்கள். சொல்ல மறந்தேன், உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் நாமே செய்துகொடுக்கலாம். அதற்கு ஏஜென்ட்டிடம் இரண்டாயிரம் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அறிவுரையைவிட உங்கள் போனில் இருக்கும் நம்பர்கள் அதிகம் உதவும். பர்ச்சேஸில் உங்களோடு வேலை பார்த்தவர், கடனுக்கு இரும்பு கொடுக்கும் கடைக்காரர், இவர்களிடம் "பையன் நல்லவன், ஒரு ட்ரையல் கொடுங்கள்" என்று நீங்கள் சொல்வதற்கு மதிப்பு உண்டு. வங்கிக்கும் கூடப் போங்கள். மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை, அதை வாங்கி ஒழுங்காக அடைத்தவனுக்கு 20 லட்சம் வரை, அடமானம் இல்லாமல்தான் கடன். இருந்தாலும் தனியாகப் போகிற பையனிடம் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்பது நடக்கிறது. பக்கத்தில் ஒரு நரைத்த தலை உட்கார்ந்திருந்தால் பேச்சு மாறுகிறது.

ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். கைமாற்றும் வேண்டாம், பார்ட்னராகவும் சேராதீர்கள். உங்களுக்குப் பணம் தர வேண்டியவன் டீக்கடைப் பக்கமே வரமாட்டான்.

இதில் நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மகள் லட்சுமி வெங்கடேசன் 1992இல் தொடங்கிய பாரதிய யுவ சக்தி டிரஸ்ட், பிரிட்டனில் அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் பிரின்ஸ் டிரஸ்ட்டைப் பார்த்து இதே வேலையை முறையாகச் செய்கிறது. கடன் கிடைக்க உதவி செய்து, கூடவே தொழில் தெரிந்த ஒரு வழிகாட்டியையும் சேர்த்துவிடுவார்கள். அமைப்போடு வேலை செய்வது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அந்த மாதிரி இடத்தில் சேரலாம்.

தொழில் தொடங்குகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்றும் இல்லை. ராஜாஜிநகர் ஜிடிடிசியில் (அரசு டூல் ரூம் பயிற்சி மையம்) டிப்ளமோ முடித்த ஒரு பெண்ணுக்கு இன்ஸ்பெக்ஷனில் வேலை கிடைத்தது. ஷிஃப்ட் என்றதும் அவள் அப்பா முடியாது என்றுவிட்டார். நான் பேசினால் சரிப்படாது என்று என் மனைவி போய் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசினாள். இப்போது பெண் வேலைக்குப் போகிறாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை, ஆனால் இதுவும் அந்த வேலைதான்.

சில சமயம் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். முதல் மெஷினே மாதத்தில் பாதி நாள் சும்மா நிற்கும்போது இரண்டாவது மெஷினுக்குக் கடன் கிடைக்கிறது என்று வருபவனிடம் நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்போம். பாதிப் பேர் கேட்பதில்லை. வாங்கிவிட்டு, அதற்கும் ஆர்டர் வேண்டும் என்று மறுபடி நம்மிடமே வருவார்கள். கோபித்துக்கொள்ளாமல் டீ சொல்லுங்கள்.

நீங்கள் எந்தத் துறையில் இருந்தீர்கள் என்று எழுதவில்லை. அக்கவுண்ட்ஸ் என்றால் எங்களுக்கே ஆள் தேவை. ஜிஎஸ்டியில் கொஞ்சம் சிக்கலான கேள்வி வந்தால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.