சாயத் தொட்டியும் ஊசியும்: கோத்தகிரியிலிருந்து பதில்கள்

கோத்தகிரியில் தையலும் பூவேலையும் சொல்லித் தருகிறேன். துணி வடிவமைப்பாளர்களைப் பற்றி வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

அக்கா, வில்லியம் மோரிஸ் படம் வரைந்து கொடுத்தார், வேலை செய்தது மற்றவர்கள், அப்படித்தானே? (குன்னூர்)

இல்லை தம்பி. மோரிஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் துணி, சுவர்த்தாள் வடிவமைப்பாளர். சாயம் பிடிபடுவதற்காக 1870களில் அங்கே லீக் என்ற ஊருக்குப் போய், தாமஸ் வார்டில் என்ற சாயக்காரரின் பட்டறையில் தொட்டியில் கைவிட்டுக் கற்றவர் அவர். அவுரிச் சாயத்தைப் பார்த்திருக்கிறாயா? தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகும். 1883-இல் வந்த 'ஸ்ட்ராபெரி திருடன்' துணியில், முழுத் துணிக்கும் நீலம் ஏற்றிவிட்டு, வேண்டாத இடத்தில் அச்சுக்கட்டையால் வெளுத்து, அப்புறம்தான் சிவப்பும் மஞ்சளும் வைத்தார்கள். அந்தத் துணியில் பழம் திருடும் பறவைகளை அவர் தன் தோட்டத்தில் பார்த்தே வரைந்தார்.

அவர் மகள் மே, அப்பா பெயரால் மேலே வந்தவரா? (ஊட்டி)

1885-இல், 23 வயதில், அப்பா நிறுவனத்தின் பூவேலைப் பிரிவையே ஏற்று நடத்தியவர். அவர் வரைந்த சுவர்த்தாள் ஒன்றை அப்பா வரைந்ததாகவே பலர் நம்பினார்கள். பெயரால் வந்தது லாபமா நஷ்டமா, நீங்களே சொல்லுங்கள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு நெசவு போதும்" என்று சொல்லி மகளை நெசவு வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். மனசு கேட்கவில்லை. (கொடைக்கானல்)

உங்கள் வருத்தம் நியாயம்தான் அம்மா. ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியிலும் பெண்களை நெசவுப் பக்கமே தள்ளினார்கள். 1922-இல் சேர்ந்த ஆனி ஆல்பர்ஸும் அப்படி வந்தவர்தான், விரும்பி வந்தவரில்லை. ஆனால் பட்டத்துக்காக ஓர் அரங்கச் சுவருக்கு அவர் நெய்த துணியைப் பாருங்கள்: ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சும், செலோபேன் என்ற கண்ணாடித்தாள் சேர்த்த மறுபக்கம் ஒளியைத் திருப்பும். 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி வைத்தது. மகளுக்கு ஆசை இருந்தால் சேருங்கள், அந்தக் காரணத்துக்காக மட்டும் வேண்டாம்.

தோடர் பூவேலையை வடிவமைத்தது யார்? துணியில் வரைந்துகொண்டு தைக்கலாமா? (கூடலூர்)

ஒருவர் பெயர் கிடையாது. தோடர் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்தது. 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் கிடையாது, வரைகோடும் கிடையாது. இழையை எண்ணித்தான் ஊசி போகும்.

ஆரம்பத்தில் நானும் பென்சிலால் கோடு போட்டுத் தைத்து ஒரு தோடர் பாட்டியிடம் காட்டினேன். அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. துணியைப் புரட்டி, நகத்தால் இழைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே ஓர் இழை தவறியிருந்தது. வீட்டுக்கு வந்து முழுவதையும் பிரித்தேன். சாதா வெள்ளைத் துணி வேண்டாம்மா, இழை கண்ணுக்குத் தெரிகிற முரட்டு நெசவாக வாங்குங்கள்.