தேக்காவில் மிச்சம் பிடித்தால் போதுமா?

கேள்வி: சிங்கப்பூரில் நான்கு வருடமாக வேலை. மாதச் சம்பளம் 6,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மனைவி, மூன்று வயது மகளுடன் இருக்கிறேன். வாடகை 2,700, பெற்றோருக்கு 700, ஊரில் வீடு கட்டும் மைத்துனருக்கு 1,000 (வீடு முடிந்ததும் தருவார்), பாலர் பள்ளி, போக்குவரத்து, மின்சாரம், போன் எல்லாம் சேர்த்து 1,250. சாப்பாட்டுச் சாமான் மட்டும் 1,100 ஆகிறது. பெரும்பாலும் செயலியில் கிரெடிட் கார்டில் வாங்குகிறோம். கார்டில் 5,000 நிலுவை. மாதம் 150 கட்டுகிறேன். இனித் தேக்கா சந்தையிலேயே வாங்கி, மிச்சமாகும் பணத்தில் நண்பர் சொல்லும் சேமிப்புக் காப்புறுதி எடுக்கலாமா?

பதில்: தேக்காவுக்குத் தாராளமாகப் போங்கள். காலையில் போனால் கொடுவா மீனைச் செதில் எடுத்து, குழம்புக்கு ஏற்ற துண்டாக வெட்டித் தருவார்கள். கீரை இரண்டு கட்டுப் போதுமென்றால் இரண்டு கட்டோடு திரும்பலாம். செயலியில் இலவச டெலிவரிக்காக வேண்டாத பொருளையும் கூடையில் போடுகிறோமே, அந்தத் தொல்லை இல்லை. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைக்காரர் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், அந்த 9 சதவீதமும் பல கடைகளில் தனியாக ஏறாது. அரிசி, பருப்பு, எண்ணெயில் பெரிய வித்தியாசம் வராது. மொத்தத்தில் மாதம் 150 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கார்டைப் பாருங்கள். வட்டி ஆண்டுக்கு 27 சதவீதம் அளவில் இருக்கும். 5,000க்கு வருடம் 1,350, மாதம் சுமார் 112. நீங்கள் கட்டும் 150இல் அசலுக்குப் போவது 40 வெள்ளிகூட இல்லை. அதோடு, நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இன்று வாங்கிய தக்காளிக்கும் வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

இந்தக் கடன் சந்தையால் வந்ததல்ல. சம்பளம் வந்ததும் ஊருக்கு 1,700 அனுப்பிவிடுகிறீர்கள். மற்ற செலவு போக நிற்பது 850. கார்டுக்கு 150 கட்டினால் 700. சாப்பாட்டுக்கு 1,100 வேண்டும். குறைகிற 400 திரும்பவும் கார்டில் ஏறுகிறது. மைத்துனருக்கு வட்டியில்லாமல் கொடுப்பதற்காக, உங்கள் வீட்டுச் சோற்றை 27 சதவீத வட்டிக்கு வாங்குகிறீர்கள். படிக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

பெற்றோருக்கு அனுப்புவதில் கை வைக்க வேண்டாம். மைத்துனரின் 1,000ஐ ஆறு மாதம் நிறுத்துங்கள். அப்போது கையில் 1,850. சந்தையில் வாங்கினால் சாப்பாடு 950. மீதி 900ஐ மாதாமாதம் கார்டுக்குக் கட்டினால், வட்டியோடு சேர்த்து ஆறு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அதுவரை செயலியிலிருந்து கார்டு எண்ணை நீக்கிவிடுங்கள். வாரத்துக்கு 220 வெள்ளியை நோட்டாக எடுத்து வைத்து, சந்தைக்கு அதை மட்டும் கொண்டு போங்கள்.

காப்புறுதித் திட்டம் இப்போது வேண்டவே வேண்டாம். முதல் சில வருடங்களில் கட்ட முடியாமல் நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பாது. உங்கள் நிலையில் அப்படி நிறுத்த வேண்டிவரலாம். ஊரில் என்ஆர்ஈ வைப்பு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்திய வங்கியில் போடும் வைப்பு) போடலாமே என்று யாராவது சொன்னாலும், 27 சதவீதம் கட்டிக்கொண்டு ஆறேழு சதவீதம் வாங்குவதில் என்ன லாபம்? நிலுவையை இன்னொரு வங்கிக்கு ‘பூஜ்ய வட்டி’ என்று மாற்றுவதிலும் கட்டணம் உண்டு. ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும் கடனுக்கு, அந்தக் கட்டணம் மிச்சமாகும் வட்டியைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மைத்துனரிடம் சொல்வதுதான் கஷ்டமான வேலை, தெரியும். அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாதீர்கள். முதலில் இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். மைத்துனர் அவருக்குத் தம்பியோ அண்ணனோ, மனைவியே போன் செய்து ‘ஆறு மாதம் பொறு’ என்று சொல்வது நல்லது. அடுத்த சம்பளம் வருவதற்குள் பேசிவிடுங்கள்.