பாலத்து நெரிசலும் பறிபோகும் மாலைப் பொழுதும்

கேள்வி: நான் பெருநிலப் பக்கம், புக்கிட் மெர்தாஜாம், ஆல்மா வட்டாரத்தில் குடியிருக்கிறேன். பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை. எட்டு மணி வேலைக்கு ஆறு மணிக்கெல்லாம் காரை எடுத்துவிடுகிறேன். ஜூருவிலும் பினாங்குப் பாலத்திலும் சிக்கி, சில நாள் ஏழு மணிக்கே சேர்கிறேன், சில நாள் எட்டேகால் ஆகிவிடுகிறது. ஐந்து மணிக்கு வேலை முடிந்தாலும் வீடு திரும்ப ஏழரை. பிறையில் வேலை செய்யும் கணவர் ஐந்தரைக்கே வந்துவிடுகிறார். அலுப்பில் பிள்ளைகள் இருவர் மீதும் எரிந்து விழுகிறேன். மோட்டார் சைக்கிளில் போகும்படி கணவர் சொல்கிறார். எனக்கோ வேலையையே விட்டுவிடலாம் என்றிருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த ஏழு மணிக்கும் எட்டேகாலுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான். பயணம் ஒன்றரை மணி நேரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மனம் அதற்குப் பழகிக்கொள்ளும்; ஒரு மணியா, இரண்டேகால் மணியா என்று தெரியாமல், கடலுக்கு நடுவே முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் திரும்ப முடியாமல் நிற்பதற்கு யாராலும் பழகிக்கொள்ள முடியாது. உங்கள் எரிச்சலுக்கு உங்கள் குணத்தைக் காரணமாக்கிக்கொள்ளாதீர்கள்.

பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் 1972இல் தொடங்கியது. முதல் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. வேலை தீவில் பெருகியது. கட்டுப்படியாகும் விலையில் வீடு பெருநிலத்தில் கிடைத்தது. 2009இல் பாலத்தை ஆறு தடங்களாக அகலப்படுத்தினார்கள், 2014இல் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலமும் வந்தது. ஆனால் வழி எளிதானதும், இந்தப் பக்கம் வீடு வாங்கத் துணிந்தவர்களும் கூடினார்கள். முத்தியாரா எல்ஆர்டி இலகு ரயில் தடத்தின் பணிகள் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டன என்றாலும், பிள்ளைகள் வளரும் இந்த ஆண்டுகளை அதை நம்பி ஓட்ட முடியாது. பட்டர்வொர்த் ஃபெரியும் உங்களுக்கு உதவாது. அது கார்களை ஏற்றுவதில்லை, போய்ச் சேரும் ஜார்ஜ்டவுன் துறையும் பாயான் லெப்பாஸுக்குத் தொலைவு.

ஆகவே முதலில் பாதையைச் சோதித்துப் பாருங்கள். பெருநிலத்திலுள்ள பத்து காவான் என்ற ஊர் வழியாக இரண்டாவது பாலத்தில் ஏறினால் உங்களுக்குத் தூரமும் பெட்ரோல் செலவும் கூடும். ஆனால் அது இறங்கும் பத்து மாவுங், பாயான் லெப்பாஸுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு வாரம் அந்த வழியில் போய், புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும், நாளுக்கு நாள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லையென்றால் அந்தப் பாதையையே எடுங்கள். எந்தப் பாலமானாலும் டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் என்பதால், திரும்பும் வழியைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் தொழிற்சாலைப் பேருந்து ஆல்மா பக்கம் வருகிறதா என்றும் விசாரியுங்கள்.

அந்தக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருங்கள், ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதற்கு அவைதான் ஆதாரம். மலேசிய வேலைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி ஒரு தொழிலாளி முதலாளியிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் மேலாளரிடம் நடைபாதையில் வாய்மொழியாகக் கேட்டு, "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பும் நிலைக்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. நம் பெண்களில் பலர் இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

விண்ணப்பத்தில் உங்கள் கஷ்டத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, வேலை எப்படி நடக்கும் என்பதை விரிவாக எழுதுங்கள். கொள்முதல் வேலையில் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் முடிவது எது, நேரில் இருந்தே ஆக வேண்டியது எது என்று பிரித்துக் காட்டுங்கள். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, அல்லது ஏழு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடிக்கும் ஏற்பாடு என இரண்டு வழிகளைக் கொடுத்து, மூன்று மாதம் சோதனையாகப் பார்க்கலாம் என்றும் குறிப்பிடுங்கள். என் விருப்பம் முதலாவது வழிதான். ஏழு மணி ஏற்பாட்டில் மாலை மீளும், ஆனால் தூக்கம் குறையும்.

மோட்டார் சைக்கிள் வேண்டாம். 2019 முதல் பாலங்களில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை, நேரமும் மிச்சமாகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பழக்கமில்லாத ஒருவர், களைத்த மாலையில், கடற்காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது கனரக வண்டிகளுக்கு நடுவே ஓட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பு உண்டு. அதற்காக ஆபத்தை வலிய ஏற்க வேண்டியதில்லை.

கணவரிடம் கேட்க வேண்டியது வேறு. அவர் ஐந்தரைக்கு வீடு வந்துவிடுகிறார். நீங்கள் வர ஏழரை. அந்த இரண்டு மணி நேரத்தில் இரவுச் சாப்பாடும் பிள்ளைகளின் பள்ளிப் பாடமும் யார் பொறுப்பு என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே எனக்குப் புரிகிறது. சண்டை மூளும் நேரத்தில் இதைப் பேசாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, வார நாட்களில் சோறு வடிப்பது முதல் வீட்டுப்பாடம் பார்ப்பது வரை அவர் செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். உதவி என்ற சொல்லே வேண்டாம். அது அவருடைய வீடும்தான். நீங்கள் வந்ததும் குளித்துவிட்டுக் கால் மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் உட்காருங்கள். "அம்மா ரோட்டில் களைத்துப் போய் வருகிறேன், உங்கள் மேல் கோபமில்லை" என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்; அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வேலையை விடும் முடிவை விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை ஒத்திப்போடுங்கள். பதில் பாதகமாக வந்தாலும், முதலில் பத்து காவான், பிறை, புக்கிட் மினியாக் தொழிற்பேட்டைகளில் கொள்முதல் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று பாருங்கள். புதிய நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கடிதத்தைக் கொடுங்கள்.