எம்டிஎஃப் தூசியால் ஆஸ்துமா: முதலாளி கைவிரித்தால்?

கேள்வி: சார், சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் தச்சுப் பட்டறையில் வேலை, வொர்க் பெர்மிட். நாள் முழுக்க எம்டிஎஃப் பலகை, பிளைவுட் அறுப்பதுதான். சில மாதங்களாக ராத்திரியில் மூச்சு இழுக்கிறது, கையெல்லாம் அரிப்பு. கிளினிக்கில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். முதலாளியோ, "அடிபட்டால்தான் கிளெய்ம். இது நீ ஊரிலிருந்து கொண்டுவந்த வியாதி" என்கிறார். மாஸ்க் காசையும் சம்பளத்தில் பிடிக்கிறார். மனிதவள அமைச்சுக்குப் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயம்.

பதில்: தம்பி, அடிபட்டால்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோய்களையும் பட்டியலிடுகிறது. வேலையால் வரும் ஆஸ்துமாவும் தோல் நோயும் அதில் உண்டு. முதலாளிமீது தப்பு என்று காட்டத் தேவையில்லை. நோய் வேலையால் வந்தது என்பது உறுதியானால் போதும்.

சிக்கலே அங்கேதான். கிளினிக் சீட்டில் வெறும் 'ஆஸ்துமா' என்று இருந்தால், உங்கள் வேலை என்ன என்று டாக்டர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை என்று அர்த்தம். போய்ச் சொல்லுங்கள்: எம்டிஎஃப் என்பது மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையோடு அழுத்திய பலகை, அறுத்தால் மாவு மாதிரி தூசி பறக்கும், கண் எரியும். லீவு நாளில் மூச்சு சீராகி, வேலைக்குத் திரும்பியதும் மறுபடி இழுக்கிறதா? அதுதான் உங்கள் கேஸின் உயிர்நாடி. மூச்சின் வேகத்தை ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ கருவி கேளுங்கள். வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதி, அளவைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். முன்பே ஆஸ்துமா இருந்திருந்தால் மறைக்காதீர்கள், கிளெய்மைப் பார்க்கும் இன்சூரன்ஸ்காரர்கள் தோண்டாமல் விடமாட்டார்கள்.

பட்டறையையும் போட்டோ எடுங்கள். ரம்பத்துக்குப் பக்கத்திலேயே தூசியை உறிஞ்சும் குழாய் இருக்கிறதா, பலகைக் கட்டின் ஸ்டிக்கரில் இ1 என்றிருக்கிறதா இ2 என்றிருக்கிறதா என்பது தெரியட்டும். இ2 பலகையில் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி அதிகம் கசியும். என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், அந்த ஆவியைத் தடுக்காது. அதனால் மாஸ்க் கொடுத்ததோடு முதலாளியின் கடமை முடிந்துவிடாது. அந்த மாஸ்க்குக்கும் சம்பளத்தில் பிடிப்பதை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தடுக்கிறது. நல்லெண்ணத்தோடு அமைச்சிடம் புகார் செய்ததற்காக வேலையைவிட்டு நீக்குவதும், நீக்குவேன் என்று மிரட்டுவதும் அதே பிரிவில் குற்றம்.

டாக்டர் தொழில்சார் நோய் என்று எழுதிக் கொடுத்தால், முதலாளி 10 நாளுக்குள் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் நீங்களே போகலாம். ஓராண்டுக்குள் கோர வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். கிளெய்ம் ஏற்கப்பட்டால் மருத்துவச் செலவு கிடைக்கும். வெளிநோயாளி எம்சிக்கு, அதாவது மருத்துவ விடுப்புக்கு, முதல் 14 நாள் முழுச் சம்பளம், பிறகு மூன்றில் இரண்டு பங்கு.

வொர்க் பெர்மிட்டை ரத்து செய்தாலும் கிளெய்ம் அதோடு செத்துப்போகாது. முதலாளி நீட்டும் தாளில் புரியாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். சிராங்கூன் ரோட்டிலுள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் காட்டிப் படிக்கச் சொல்லலாம். சிவில் வழக்கு போடவும் வழியுண்டு, ஆனால் இழப்பீடு, வழக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வழக்கில் முதலாளியின் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் நிலையில் நான் இழப்பீட்டுப் பக்கம்தான் போவேன்.